கருஞ்சேற்றுப் பாடு

சேற்றை வாயில் போட்டுப் பார்க்கிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து என் சம்பந்தியம்மாள் என் கையால் காபி வாங்கிக் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் போகட்டும், எனக்குப் பால் மிச்சம். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். படகில் நின்றபடி, அடியிலிருந்து அள்ளிய சேற்றில் கடுகளவு எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்போம். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களி. எந்திரத்துக்கு இதைச் சொல்ல அரைநாள் ஆகும், பல்லுக்கு ஒரு நொடி போதும். கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம், அவ்வளவுதான். பாதுகாப்பு விதிகளின்படி இது கூடாது. அந்த விதிகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். என்ன செய்ய, பழக்கம் விடுகிறதா?

என் பெயர் வேதவல்லி. ஆலத்துறைக் கழியின் கரையில் உள்ள ஆய்வு நிலையத்தில் சேற்று நச்சுப் பிரிவுக்குத் தலைவி. இன்னும் சில வாரத்தில் ஓய்வு. கனடாவில், கால்கரியில் இருக்கும் என் மகள் மிருதுளா “போதும்மா, வந்து என்கூட இரு” என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். போன வருஷம் அவள் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுக்கம், சாப்பாட்டில் ருசியில்லை, பேரனைத் தூக்கவே பயமாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது. “அம்மாவுக்கு அந்தக் கழி நாத்தம் இல்லாட்டித் தூக்கம் வராது” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாளாம். இந்த முறை நல்ல ஸ்வெட்டராக வாங்கிக்கொண்டு போவதென்று இருந்தேன்.

ஆலத்துறைக் கழி என்பது ஆறு கடலைத் தொடுவதற்கு முன் அகன்று தேங்கும் இடம். இரண்டு கரையிலும் ஆலைகள். எது எதை விட்டது என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எல்லோரும் கூடி விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயம், காட்மியம், பாதரசம். தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். உலோகம் ஓடாது, அடியில் போய்ச் சேற்றோடு உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சேறு எவ்வளவு விஷம் என்று பார்க்க எங்களிடம் ஒரு முறை உண்டு. அரிசி நீளத்தில் ஒரு சின்ன இறால் இனம் இருக்கிறது, லேபில் அதைப் ‘பொடியன்’ என்போம். ஒரு சீசாவில் சேற்றைப் போட்டு, பொடியன்களை அதில் விட்டு, சில நாள் கழித்து எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணுவோம். அந்த நாளில் ஆலத்துறைச் சேற்றில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஹபீப் ரகுமான் எங்கள் நிலையத்துக்கு வந்தார். நுண்ணுயிர்க்காரர். பேச்சுக்குப் பேச்சு மன்னிப்புக் கேட்கிற மனிதர், கதவைத் திறந்தால்கூடக் கதவிடம் மன்னிப்புக் கேட்பார். அவர் வடிவமைத்த பாக்டீரியாவுக்கு முழங்கை நீளத்தில் ஒரு லத்தீன் பெயர் உண்டு. நாங்கள் ‘கவ்வி’ என்று கூப்பிட்டோம். முதல் கேனைக் கழியில் ஊற்றிய அன்று எங்களுக்குப் படகு தள்ள வந்திருந்தவள் பூங்காவனம்.

பூங்காவனத்தின் சொந்தத் தொழில் கைத்தடவல். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கையை விட்டுத் தடவித் தடவி இறால் பிடிப்பது. வலை வேண்டாம், படகு வேண்டாம், கை போதும். கரையிலுள்ள மீனவக் குப்பத்தில் ஆண்களுக்குப் பாடு உண்டு. மீன் நிறைய விழும் இடங்களுக்கு ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் இருக்க, பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். எந்த நாளுக்கு யார் சீட்டு விழுகிறதோ அன்று அந்த இடம் அவருக்கு. கைத்தடவும் பெண்களுக்கு அந்தக் குடத்தில் சீட்டு கிடையாது. மிச்ச மீதிச் சேறு அவர்களுக்கு.

“இன்னா சார் ஊத்துறீங்க? இறாலுக்குத் தீனியா?” என்று அன்றைக்குக் கேட்டாள் பூங்காவனம்.

“இல்லக்கா, மன்னிச்சுக்கங்க, முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றார் ஹபீப். “இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. சேத்துல ஈயம் இருக்குல்ல, அதைக் கவ்விப் பிடிச்சு, சேத்துக் கந்தகத்தோட சேத்துக் கல்லு மாதிரி ஆக்கிடும். அப்புறம் அந்த ஈயம் எந்த ஒடம்புக்குள்ளயும் ஊறாது.”

“அப்ப ஈயம் பூடுமா?”

“போகாது. அங்கயேதான் இருக்கும். பூட்டி வெச்ச மாதிரி.”

“பூட்டு தொறந்துக்கினா?”

“காத்துப் படாத கருஞ்சேத்துல இருக்கற வரைக்கும் கவ்வி விடாதுக்கா.”

அவர் சொன்னது பலித்தது. அடுத்த வருஷம் சீசாவில் பொடியன்கள் உயிரோடு துள்ளின. நாங்கள் கேக் வெட்டினோம். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது தேர் மாதிரி, கிளம்பவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். குப்பத்தை அப்புறப்படுத்தும் பழைய உத்தரவு கவ்வி வெற்றி பெற்ற பிறகு நிறைவேறியது. பாதிப் பேர் கல்மேட்டில் கட்டிய அடுக்குமாடிக்குப் போனார்கள். மீதிப் பேர் உயிரே போனாலும் நகர மாட்டோம் என்று குடிசையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பூங்காவனம் போனாள். கல்மேட்டில் வாசலிலேயே மேல்நிலைப் பள்ளி, மகள் பவானி நன்றாகப் படிக்கிறவள். எட்டாவது மாடி, நல்ல தண்ணீர், லிஃப்ட். புருஷன் தேசப்பன் அதே கட்டிடத்தில் வாட்ச்மேன் ஆகிவிட்டான்.

குடிபோன வருஷம் முடிவதற்குள் ஒரு காலையில் பூங்காவனம் என் அறைக்கு வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

“இதப் பாருங்க மேடம்” என்று என் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தாள். டம்ளர் கிடுகிடுவென்று ஆடி என் காகிதங்களெல்லாம் நனைந்தன.

“எத்தனை நாளா?”

“தெர்ல மேடம். மொதல்ல வாயில காச வெச்சிக்கினு கீற மாதிரி இருந்துச்சு. அப்பால வயித்துவலி. இப்ப பொண்ணுக்குத் தல வாரி வுடக்கூட கை நிக்க மாட்டேங்குது. கவர்மென்ட் ஆஸ்பத்திரில நரம்புன்னு சொல்லி மாத்திர குடுத்தாங்க.”

ரத்தம் எடுத்தேன். முடிவைப் பார்த்ததும் எந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு ஈயம். கழியில் வேலை செய்த காலத்தில்கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை, அப்போது நானே வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன். கழியை விட்டுப் போன பிறகு, நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு எட்டாவது மாடியில் இருக்கிறவளுக்கு எங்கிருந்து வந்தது ஈயம்?

கல்மேட்டுக்குப் போய் அவள் வீட்டையே கிளறினேன். குழாய்த் தண்ணீர், சுவர்ப் பெயின்ட், குழம்புச் சட்டி, மஞ்சள்தூள், குங்குமம், புள்ளையின் பென்சில் டப்பா, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவந்தேன். “வூட்ட பேத்துக்கினு போவப் போறியா மேடம்?” என்று தேசப்பன் கேட்டான். எதிலும் ஒன்றுமில்லை. அதே தண்ணீரைக் குடித்து, அதே சட்டியில் தின்கிற தேசப்பன் ரத்தமும் பவானி ரத்தமும் சுத்தம். அதே கட்டிடத்தில் இன்னும் பல பெண்களுக்குப் பூங்காவனத்தைப் போலவே கை நடுக்கம். ஆண்களில் ஒருவருக்கும் இல்லை. மீன் விற்ற பெண்களுக்கும் இல்லை, கைத்தடவியவர்களுக்கு மட்டும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. இருந்த குழப்பம் போதாதென்று இன்னொன்றும் செய்தேன். குடிசையை விட்டு வராத பூங்காவனத்தின் அக்காள் அஞ்சலையின் ரத்தத்தை எடுத்தேன். தினமும் அந்த விஷச் சேற்றில் இடுப்பளவு உட்கார்ந்து தடவுகிறவள். அவள் ரத்தத்தில் ஈயமே இல்லை.

“எந்திரத்துக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்று ஹபீப்பிடம் கத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தம் வேண்டும் என்று என் ரத்தத்தையே கொடுத்தேன். துளி ஈயம் இல்லை. “பாத்தியாப்பா, வாழ்நாள் பூராக் கழியோரத்துல கெடந்தவ ரத்தம், பச்சைக் குழந்தை ரத்தம் மாதிரி!” என்று பெருமையடித்துக்கொண்டேன். ஹபீப் சிரிக்கவில்லை. என்னவோ யோசித்துக்கொண்டு எந்திரத்தையே பார்த்தார்.

அழுக்கில் இருக்கிறவள் சுத்தம், சுத்தத்துக்குப் போனவள் விஷம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எப்படி முடிச்சுப் போடுவது? இதைப் போனில் கேட்ட இணை இயக்குநர் கமலக்கண்ணன் சார், “மனசு மேடம், மனசு. இடம் மாறினா பொம்பளைங்களுக்கு இப்படித்தான் கை கால் நடுங்கும்” என்றார். மனசில் ஈயம் ஊறுமா என்று கேட்டேன். அவர் வேறு போன் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஈயத்தை இழுக்கும் மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் குறையும், நிறுத்தினால் மறுபடி ஏறும். பூங்காவனம் வெறுத்துப்போய், “சாவறதுன்னா எங்க அக்கா கூடயாவது கெடந்து சாவறேன்” என்று மகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு அஞ்சலையின் குடிசைக்குப் போய்விட்டாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சேற்றில் இறங்கி இறாலும் தடவியிருக்கிறாள். நான் திட்டித் தீர்க்கலாம் என்று சில வாரம் கழித்துப் போனால், அவள் எனக்கு டீ கொண்டுவந்து நீட்டுகிறாள். தளும்பவில்லை. கிளாஸ் அவள் கையில் அசையாமல் நின்றது.

“என்னடி செஞ்ச?” என்றேன். வாயிலிருந்து ‘டி’ தானாக வந்துவிட்டது.

“நா இன்னா செஞ்சேன்? தண்ணில எறங்குனேன், அவ்ளோதான்.”

மறுநாள் ஹபீப்பையும் இழுத்துக்கொண்டு படகில் போனேன். அக்காளும் தங்கையும் இறால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய ஒரு பறி. கை இரண்டும் வேலையில் இருக்கும்போது பறியை எங்கே வைப்பது? பல்லில். பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு குனிந்து தடவுவார்கள். ஒவ்வொரு இறாலையும் சேற்றுக் கையோடு வாய்க்கு நேரே கொண்டுவந்து போடுவார்கள். முகமெல்லாம் கருஞ்சேறு.

ஹபீப் என் தோளைத் தொட்டார். தொட்டதற்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

“மேடம், வாய்.”

“தெரியுது.”

“இத்தனை வருஷமா தினம் முழுங்கியிருக்காங்க.”

அதற்குப் பிறகு அவர் எல்லாப் பெண்களிடமும் மலம் கேட்டு டப்பாவோடு அலைந்த கதை தனி. மனிதர் கூனிக் குறுகிப் போய்விட்டார். அஞ்சலை அவரைப் பார்த்தாலே, “தோ, சார் வந்துட்டாரு, எல்லாரும் ஓடுங்கடி” என்று கூவுவாள். ஆனால் விடை அந்த டப்பாக்களில்தான் இருந்தது. ஹபீப் அதை எங்கள் லேபில் பூங்காவனத்தை உட்காரவைத்துச் சொன்னார்.

“கவ்வி உங்க வயித்துக்குள்ள குடியேறிடுச்சுக்கா. குடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு, நீங்க முழுங்குன சேத்துல, மீன்ல இருந்த ஈயத்தையெல்லாம் அங்கயே கவ்விப் பிடிச்சு வெச்சிருக்கு. அதான் அப்ப ரத்தத்துல ஒண்ணும் தெரியல.”

“நல்லதுதான சார் பண்ணிக்கீது?”

“நல்லதுதான். ஆனா அதுக்குக் கருஞ்சேறு வேணும், அந்தக் கந்தகம் வேணும். நீங்க கல்மேட்டுக்குப் போனதும் பட்டினி கெடந்து செத்துடுச்சு. செத்ததும் பிடி விட்டுடுச்சு. வருஷக்கணக்கா சேத்து வெச்ச ஈயம் மொத்தமும் ரத்தத்துல கசிய ஆரம்பிச்சிடுச்சு.”

பூங்காவனம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பூட்டு, பூட்டுன்னு சொன்னியே சார். எங்க வயித்துலயா போட்டு பூட்டி வெச்ச?”

ஹபீப் அழுதுவிட்டார். பூங்காவனத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை. “நீ அழுதா எனக்கு இன்னா ஆவும்? வழியச் சொல்லு” என்று அதட்டினாள்.

“லேப்ல வளர்த்து மாத்திரையா குடுக்கக் கூடாதா?” என்று நான் கேட்டேன்.

“பாத்துட்டேன் மேடம். லேப்ல இருக்கறது குடல்ல ஒட்ட மாட்டேங்குது. கழியில இத்தன வருஷத்துல அது வேற ஆளா மாறிடுச்சு. அந்தச் சேத்தோட வந்தாத்தான் ஒட்டுது.”

“ஒரு டப்பால சேத்த எடுத்துக்கினு வூட்டுக்குப் போனா?” என்றாள் பூங்காவனம்.

“காத்துப் பட்டா கொஞ்ச நேரத்துல செத்துடும்க்கா. நீங்களே வந்து எறங்கணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவையாவது.”

“எவ்ளோ நாளைக்கு?”

ஹபீப் மேசையிலிருந்த டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். உயிர் இருக்கிற வரைக்கும் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. “எம்பொண்ணு நாளைக்கு வேற ஊர்ல வேலைக்குப் போனா நா கூடப் போவ முடியாது, அப்டித்தான?” என்று மெதுவாகக் கேட்டாள். 

இதற்கு நடுவில் கழியில் தூர்வாரும் இயந்திரம் வந்து நின்றுவிட்டது. அடிச்சேறு முழுவதையும் உறிஞ்சி எடுத்து, எங்கோ பாறைக் குழியில் கொட்டி மூடப் போகிறார்கள். கவ்வி வருவதற்கு முன் நான்தான் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன், எடுங்கள் எடுங்கள் என்று. ஹபீப்போடு கமலக்கண்ணன் சாரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், நீங்க எழுதின அறிக்கைய வெச்சுத்தான் பணம் வாங்கினோம். இந்தச் சேறு விஷம்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா, விஷம்தான்.”

“இப்ப எடுக்காதீங்கங்கறீங்க.”

“ஆமா, எடுத்தா அந்தப் பொம்பளைங்க செத்துடுவாங்க.”

“விஷமா மருந்தா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம். நான் மேல எழுதணும்ல?”

சொல்லத் தெரியவில்லை. என் படிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான். சீசாவில் பொடியன் செத்தால் விஷம், பிழைத்தால் விஷமில்லை, அவ்வளவு சுலபம். பொடியன் சீசாவை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லையே. “ரெண்டும்தான் சார்” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஓய்வு பெறும் வயது, பாவம் என்று நினைத்திருப்பார்.

அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மேலே கீழே பேசி, கடைசியில் வடகரையோரம் ஒரு கோயில் குளம் அளவுக்குச் சேற்றை விட்டுவைக்கச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். பெயர் ‘ஆய்வுப் பகுதி’. சுற்றி மிதவை கட்டினார்கள். மற்ற இடமெல்லாம் இயந்திரம் உறிஞ்ச ஆரம்பித்தது.

இடம் சின்னது. எல்லோரும் ஒரே நாளில் இறங்கிக் கலக்கினால் சேற்றுக்குள் காற்று போய்விடும், கவ்வி செத்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று ஹபீப் கண்டித்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் யார் எந்த நாள்? இரண்டு நாள் சண்டை. மூன்றாவது நாள் அஞ்சலை, “இதுக்கு ஏண்டி மயிரப் புடிச்சிக்கினு? பாடு போட்டுக்கலாம்” என்றாள்.

“பாட்டுல பொம்பள பேரா?” என்று குப்பத்து ஆண்கள் சிரித்தார்கள்.

“நீங்க வேணா வந்து சேத்தத் தின்னுங்களேன், ஒங்க பேரயும் போடறோம்” என்றாள் பூங்காவனம். சிரிப்பு நின்றது.

அந்த விட்டுவைத்த இடத்தின் சேறு எப்படி இருக்கிறது என்று பார்க்க, சீட்டுப் போடுவதற்கு முன்னால் நானும் ஹபீப்பும் பூங்காவனம் தள்ளிய படகில் போனோம். கரண்டியால் அள்ளினேன். கறுப்பு, பளபளப்பு, அழுகிய முட்டை நாற்றம், நல்ல சேறு. கடுகளவு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தேன். களி. துப்பினேன். நிமிர்ந்தால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீப் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பூங்காவனம் திரும்பவில்லை.

“என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மேடம்” என்று துடுப்புக்கழியை ஊன்றினாள்.

மறுநாள் என் மேசைமேல் ஒரு டப்பா இருந்தது. மலம் எடுக்கும் அதே டப்பா. “மன்னிக்கணும் மேடம்” என்று ஒரு துண்டுச்சீட்டு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாருக்கு வைக்கிறான் டப்பா! தூக்கி டிராயருக்குள் எறிந்தேன். எறிந்த பிறகு என் கை ரொம்ப நேரம் டிராயர்ப் பிடியிலேயே இருந்தது. கடுகளவுதானே, துப்பிவிடுகிறேனே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஆனால் எத்தனை கடுகு? கழியோரத்தில் வாழ்நாளைக் கழித்தவள் ரத்தத்தில் துளி ஈயம் இல்லையென்றால், பெருமையா படவேண்டும்? சந்தேகம் அல்லவா படவேண்டும்? கால்கரியில் என் கை ஆடியது குளிரினாலா? மிருதுளா ஹீட்டரைக் கூட்டிக் கூட்டி வைத்தும் ஏன் நிற்கவில்லை? திரும்பி வந்து குளித்து முழுகிய உடனேயா நின்றது, படகில் ஏறிச் சேற்றைக் கடித்த பிறகா? ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு டப்பா போதும். நான் டிராயரைத் திறக்கவில்லை. பயமாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையும் என்னைப் போலச் சேற்றில் உட்கார்ந்திருந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டார்கள். கல்மேட்டிலிருந்து பெண்கள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். சிலருக்கு நடக்க முடியவில்லை, மகன்கள் தாங்கிப் பிடித்து வந்தார்கள். பித்தளைக் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். பவானி ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பள்ளி யூனிபார்மிலேயே வந்திருந்தாள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படித்தாள். திங்கள் அஞ்சலை, கோவிந்தம்மா. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குலவை. முதன்முதலாகத் தங்கள் பெயர் குடத்திலிருந்து வருவதைக் கேட்ட சில பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். சந்தோஷமா துக்கமா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

“செவ்வாக்கிழம” என்றாள் பவானி. ஒரு சீட்டு எடுத்தாள். “பூங்காவனம்.” தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த சீட்டைப் பிரித்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

“வேதவல்லி மேடம்.”

யாரும் குலவையிடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

“யாரு எழுதிப் போட்டது?” என்றேன். 

“நான்தான்” என்று பூங்காவனம் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? ஃபாரின்லேர்ந்து வந்தப்ப டிபன் டப்பா மூடி தொறக்க முடியாம ஒக்காந்துக்கினு இருந்தீங்களே, தொறந்து குடுத்தது யாரு? நாந்தான. அன்னிக்கு மேடத்துக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சேன். அப்பால எனக்கே வந்தப்ப தெரில? நீங்க பல்லுல வெக்கிறத நா ஒரு நாளா ரெண்டு நாளா பாக்கறேன்?”

“நான் துப்பிடுவேன்டி.”

“நாங்க மட்டும் இன்னா, ஆசப்பட்டா முழுங்குனோம்?”

 அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கவில்லை. அப்போது யாரோ ஒருத்தி குலவையிட்டாள், அஞ்சலையாகத்தான் இருக்கும். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை மிருதுளா போன் செய்தாள். பேரன் திரையில் வந்து எச்சில் ஒழுகச் சிரித்தான். பெட்டி கட்டியாச்சா, ஊறுகாய் எடுத்துக்கொண்டாயா என்று அடுக்கினாள். மண், விதை எதையும் கொண்டுவராதே, விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று எச்சரித்தாள்.

“மிருது, நான் அங்க இருக்க வரலம்மா. ரெண்டு வாரம் வேணா வரேன். கொழந்தைய ஆசை தீரப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்.”

“ஏம்மா? ரிட்டயர் ஆகப்போற, அங்க இனிமே என்ன இருக்கு உனக்கு?”

“செவ்வாய்க்கிழமை பாடு இருக்கு.”

“பாடா? அப்டின்னா?”

எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூங்காவனத்தின் கையைப் பிடித்தபடி மிதவைக்குள் இறங்கினேன். தூரத்தில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. குனிந்து, அடியிலிருந்து கொஞ்சம் கருஞ்சேறு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வண்டலா களியா என்று கடித்துப் பார்க்கவில்லை. துப்பவும் இல்லை.